“நீங்கள் உரிமையாளர் அல்லர்”: அப்பாவின் வன்தட்டும் என் புதிய லினக்ஸும்

கடிதப்பெட்டி எழுதியது:

வணக்கம். கேள்வி நீளமாக இருக்கும். சுருக்கி எழுத இப்போது என்னால் முடியவில்லை. கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன். கணினியைத் தொடவே பயமாக இருக்கிறது.

என் அப்பா தன் கணினியில் லினக்ஸ் வைத்திருந்தார். 2003 முதல் 2011 வரை அவர் தட்டச்சு செய்த கடிதங்களெல்லாம் அதில்தான் இருந்தன. நண்பர்களுக்கு எழுதியவை, எனக்கும் தம்பிக்கும் எழுதியவை, எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டவை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணினி அதற்கு முன்பே நின்றுபோய்விட்டது. வன்தட்டை மட்டும் கழற்றி, யூஎஸ்பி உறை ஒன்றில் பொருத்திப் பீரோவில் வைத்திருந்தேன்.

நான் முன்பு பயன்படுத்திய இயங்குதளத்தில் அந்தத் தட்டைச் செருகினால், “இதை வடிவமைக்க வேண்டுமா?” என்றுதான் கேட்கும். யாராவது கைதவறி ஆம் என்று அழுத்திவிட்டால் என்ன ஆவது என்ற அச்சத்தில் இத்தனை நாள் அதை வெளியே எடுக்கவில்லை. போன மாதம் என் மடிக்கணினியில் லினக்ஸை நிறுவியது அந்தத் தட்டைப் படிப்பதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

தட்டு திறந்தது. “ஹோம்” என்ற அடைவுக்குள் அப்பாவின் பெயரில் ஓர் அடைவு, அதன்மேல் ஒரு பூட்டு. சொடுக்கினால், உள்ளே இருப்பதைக் காண எனக்கு அனுமதி இல்லை என்கிறது. பண்புகள் சாளரத்தைத் திறந்து அனுமதிகள் பக்கத்துக்குப் போனேன். “நீங்கள் உரிமையாளர் அல்லர், ஆகவே இந்த அனுமதிகளை மாற்ற இயலாது” என்று எழுதியிருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்கூட இல்லை. 500 என்று ஓர் எண் இருந்தது.

அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. என் மேசை, என் கணினி, நான் காப்பாற்றி வைத்த தட்டு, என் அப்பா. ஆனாலும் உரிமையாளர் அல்லர்.

இணையத்தில் தேடினேன். நிர்வாகி அதிகாரத்தில் இயக்கும் சுடோவைப் போட்டு, அனுமதிகளை மாற்றும் சிஎச்மோட் கட்டளைக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்று கொடுத்தால் எல்லாம் திறந்துவிடும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். அடைவுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி பெரிய ஆர் சேர்க்கச் சொன்னார்கள். அப்படியே தட்டச்சு செய்தேன். தட்டின் பாதையை எழுதும்போது முதல் சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. அப்போது கவனிக்கவில்லை. கடவுச்சொல் கொடுத்ததும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் வரி வரியாகப் பிழைச் செய்திகள் ஓடின. தட்டைத்தான் ஏதோ செய்கிறது என்று நினைத்து, பதறிப்போய் யூஎஸ்பி கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அதன்பிறகுதான் கட்டளையை நிறுத்தினேன்.

இப்போது சுடோ என்று எதைக் கொடுத்தாலும், சுடோ கோப்பு 0 என்ற எண்ணுக்கு உரியதாகவும் செட்யூஐடி பிட் போடப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே செய்தி. அமைப்புகளில் எதையும் மாற்ற முடியவில்லை. கணினியை அணைக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்பாவின் கடிதங்களை அழித்துவிட்டேனா? அந்த 500 யார்? என் கணினியில் நான் யார்? இந்த வரிசையில் பதில் சொன்னால் போதும்.


இரவுக்காவல் எழுதியது:

அம்மா, முதல் கேள்விக்கு முதலில். கடிதங்கள் அழியவில்லை. சிஎச்மோட் ஒரு கோப்பின் உள்ளே இருக்கும் எழுத்தைத் தொடாது. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று கோப்பைப் பற்றிய குறிப்பில் இருக்கும் சில பிட்களை மட்டும் மாற்றும். அந்தக் கட்டளை தட்டுவரை போயிருந்தாலும், கேடு அந்தப் பிட்களோடு நின்றிருக்கும். கம்பியைப் பிடுங்கியதுதான் எனக்குச் சற்றுக் கவலை. ஆனால் அந்தக் காலத்து லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்டி3 கோப்பு முறைமையைத்தான் போட்டிருக்கும். பாதியில் நின்ற மாற்றங்களைச் சரிசெய்துகொள்ள அதில் ஒரு பதிவேடு உண்டு. தட்டை எதிலும் செருகாமல் அப்படியே வைத்திருங்கள்.

இரண்டாவதாக, என்ன நடந்தது என்று. சாய்கோட்டுக்குப் பின் இடைவெளி விட்டதால், சாய்கோடு மட்டும் தனி முகவரியாகிவிட்டது. தனிச் சாய்கோடு என்றால் கணினியின் முழு அடைவு மரமும்தான். நீங்கள் என்ன எண்ணினீர்கள் என்று அந்தக் கட்டளைக்குத் தெரியாது. அழிக்கும் கட்டளையான ஆர்எம், தனிச் சாய்கோட்டைக் கொடுத்தால் மறுத்துவிடும். அதற்கு அப்படி ஒரு தடுப்பு இயல்பாகவே வைத்திருக்கிறார்கள். சிஎச்மோடுக்கும், உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓனுக்கும் அதே தடுப்பு உண்டு, ஆனால் நாமே கேட்டால்தான் செயல்படும். அது இயல்பாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருந்திருந்தால் இன்று நீங்கள் இதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

சுடோ ஏன் செத்தது? சாதாரணப் பயனர் ஒரு நிரலை இயக்கினால் அது அவருடைய அதிகாரத்தோடுதான் ஓடும். சுடோ, கடவுச்சொல் மாற்றும் நிரல் போன்ற சில மட்டும், யார் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளரான ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் அதிகாரத்தோடு ஓட வேண்டும். அதற்கென்று இருக்கும் ஒற்றை பிட்தான் செட்யூஐடி. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியின் யோசனை அது. 1973இல் விண்ணப்பித்து 1979இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு கோப்புக்கு 777 என்று எண்ணால் அனுமதி கொடுத்தால் அந்தப் பிட் அணைந்துபோகும். சுடோ இப்போது உங்களைப் போலவே ஒரு சாதாரணப் பயனராக ஓடுகிறது. அதைக் கண்டுகொண்டு தானே மறுக்கிறது.

மீட்புமுறையில் நுழைந்து சுடோ ஒன்றை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் வேறு எந்தெந்தக் கோப்புகளின் அனுமதிகள் மாறியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்ய முடியாது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய நிலையில் அமைப்புக் கோப்புகள் கிடக்கின்ற கணினியை நான் நம்ப மாட்டேன். நிறுவல் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, உங்கள் சொந்தக் கோப்புகளை வேறு தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, மீண்டும் நிறுவிவிடுங்கள். ஒரு மாதம் ஓடிய கணினிதானே, ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

500 யார் என்பது மூன்றாவது. அது உங்கள் அப்பாதான். வன்தட்டில் கோப்பின் உரிமையாளராகப் பெயர் எழுதப்படுவதே இல்லை, எண் மட்டும்தான். எந்த எண் யாருடைய பெயர் என்ற பட்டியல் ஒவ்வொரு கணினியிலும் தனியாக இருக்கும். அப்பாவின் கணினியில் 500க்கு நேரே அவர் பெயர் இருந்தது. உங்கள் பட்டியலில் 500 என்று யாரும் இல்லாததால் வெறும் எண்ணைக் காட்டுகிறது. ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் அந்தக் காலத்தில் முதல் பயனருக்கு 500 என்ற எண்ணைத் தருவார்கள். ஃபெடோராவில் 2011இல் வெளிவந்த 16ஆம் பதிப்பில்தான் அது 1000 ஆனது. உங்கள் புதிய கணினியில் நீங்கள் 1000. ஐடி என்று தட்டச்சு செய்து பாருங்கள், காட்டும்.


நேர்கோடு எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் தீர்வு ஒரே வரிதான். மீண்டும் நிறுவிய பிறகு தட்டைச் செருகி, அப்பாவின் அடைவுமீது சிஎச்ஓன் கட்டளையைப் பெரிய ஆர் சேர்த்து ஓட்டுங்கள். எல்லாக் கோப்புகளும் உங்கள் பெயருக்கு மாறிவிடும். பூட்டு போய்விடும். பாதையைக் கையால் எழுதாதீர்கள். கோப்பு மேலாளரிலிருந்து அடைவை இழுத்து முனையத்தில் போட்டால் அதுவே சரியான பாதையை மேற்கோள் குறிகளோடு எழுதிக்கொள்ளும்.

777 என்று அறிவுரை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. இருபது ஆண்டுகளாக இதே பதிலை ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்துப் போடுகிறார்கள். நிரல் எழுதக் கற்ற நாட்களில் ஒரு வழங்கியில் நானும் அதைச் செய்தேன். பிறகு, தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என் சாவிக் கோப்பை ஏற்க மறுத்தது. எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிற சாவி சாவியே அல்ல என்று அது கருதும். என்ன காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.


கடிதப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மீண்டும் நிறுவிவிட்டேன். நேற்று இரவு தட்டைச் செருகினேன். கை நடுங்கியது. எல்லாம் அப்படியே இருக்கிறது. கட்டளை தட்டுவரை போகவே இல்லை. முனையத்தில் அப்பாவின் அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தேன்: டி, ஆர், டபிள்யூ, எக்ஸ், அதன்பின் ஆறு கோடுகள். இரவுக்காவல் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு அதன் பொருள் புரிகிறது. உரிமையாளர் எல்லாம் செய்யலாம், குழுவுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. நான் அந்த “மற்றவர்கள்”.

நேர்கோடு அவர்களே, நீங்கள் சொன்ன ஒரு வரியை எழுதி, என்டர் விசையை அழுத்தாமல் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். அப்பாவின் கடிதங்களில் என் பெயரை எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த 500தான் அவர் அந்தக் கணினியில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கிற அடையாளம். அதை மாற்றிவிட்டால், பிற்காலத்தில் யாராவது அந்தத் தட்டைப் பார்த்தால் எல்லாவற்றையும் நான் எழுதியதாகவே இருக்கும். எண் தானே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுமதி என்ற ஏற்பாட்டின்மீது எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது என்று உருவானது அது, சரி. என் கோபம் அந்தச் செய்தியின்மீது. பூட்டியிருக்கிறது என்று சொல்கிற இயந்திரம், சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? “இது 500 என்ற எண்ணுள்ள பயனரின் அடைவு, அந்த எண்ணில் இந்தக் கணினியில் யாரும் இல்லை, வேறொரு கணினியிலிருந்து வந்த தட்டாக இருக்கலாம்” என்று மூன்று துணுக்குகள். இவை மூன்றும் அதற்குத் தெரிந்தவைதானே? அதைச் சொல்லியிருந்தால் நான் 777ஐத் தேடிப் போயிருக்க மாட்டேன். மறுக்கும்போது வழியையும் காட்டாததால்தான் மனிதர்கள் சுவரை இடிக்கப் போகிறார்கள்.

தட்டின் மேலடைவில், பூட்டு இல்லாத இடத்தில், அப்பா வருடிவைத்த சில படங்களும் இருக்கின்றன. பழைய அஞ்சலட்டைகள். மென்பொருள் மையத்திலிருந்து ஒரு படக்காட்டியை நிறுவினேன். கோப்பு மேலாளரில் அந்தப் படங்களின் சிறு உருவங்கள் தெரிகின்றன. ஆனால் படக்காட்டிக்குள் போய், படங்களின் இருப்பிடமாக அந்த அடைவின் பாதையைக் கொடுத்தால், அப்படி ஒரு அடைவே இல்லை என்கிறது. அனுமதி இல்லை என்று சொல்லவில்லை. இல்லவே இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே. இது வேறு பூட்டா?


இரவுக்காவல் எழுதியது:

அம்மா, உங்கள் செய்தியை இரண்டு முறை படித்தேன். அந்த 500 இருக்கட்டும். அதை மாற்றாமலே படிக்க வழி உண்டு.

அதற்கு முன் ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான தட்டு அது. எந்த நாளும் நின்றுபோகலாம். எதைச் செய்வதற்கும் முன்னால் தட்டை முழுமையாக ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கானது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய், மற்றதை எடுத்துவிட்டு, பிறகு திரும்பிவந்து முயலும். இனி நீங்கள் திறப்பதெல்லாம் அந்த நகலின் இன்னொரு நகலாக இருக்கட்டும். அப்பாவின் தட்டு பீரோவுக்கே போகட்டும்.

இப்போது பெயர். உங்கள் கணினியில் அப்பாவின் பழைய பயனர்பெயரிலேயே ஒரு கணக்கை உருவாக்குங்கள். யூசர்ஆட் கட்டளையில் எண்ணை நீங்களே குறிப்பிடலாம். சின்ன யூ போட்டு, 500. அதற்கு முன் அந்த எண்ணை வேறு ஏதாவது அமைப்புக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்காது. கடவுச்சொல் வைக்காதீர்கள். அப்போது அந்தக் கணக்கில் யாரும் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைய முடியாது. 1000க்குக் கீழே உள்ள எண்களை அமைப்புக் கணக்குகளாகவே லினக்ஸ் இப்போது கருதுவதால், உள்நுழைவுத் திரையில் அப்பாவின் பெயர் தோன்றாது. தோன்றினால் ஒவ்வொரு காலையிலும் பார்க்க உங்களுக்கு எப்படி இருக்குமோ என்று யோசித்தேன், அதனால் சொல்கிறேன். ஆனால் கோப்புகளைப் பட்டியலிட்டால் 500 இருந்த இடத்திலெல்லாம் அவர் பெயர் வந்துவிடும். தட்டில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. பெயர் வருவது உங்கள் கணினியின் பட்டியலிலிருந்து.

அடுத்து, நீங்கள் படிப்பதற்கு. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று வட்டங்கள் போதாத இடங்களுக்காக அணுகல் பட்டியல் என்று ஒன்று உண்டு. செட்எஃப்ஏசிஎல் கட்டளை. உரிமையாளரை மாற்றாமல், “இவருக்கும் படிக்கும் அனுமதி” என்று உங்கள் பெயரை ஓரத்தில் சேர்க்கலாம். படிக்கும் அனுமதிக்குச் சின்ன ஆர், அதோடு பெரிய எக்ஸ். சின்ன எக்ஸ் போட்டால் கடிதங்கள்கூட இயங்கும் நிரல்களாகக் குறிக்கப்பட்டுவிடும். பெரிய எக்ஸ் அடைவுகளுக்கும், ஏற்கெனவே இயங்கும் கோப்புகளுக்கும் மட்டும் பொருந்தும். அடைவுக்கு எக்ஸ் என்றால் இயக்குவது என்ற பொருள் இல்லை. அதன் வழியாக உள்ளே போகலாம் என்பது. ஆர் மட்டும் இருந்து எக்ஸ் இல்லாவிட்டால், உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று தெரியும், எதையும் திறக்க முடியாது. பலருக்குத் தலைவலி தரும் இடம் இதுதான்.

எழுதும் அனுமதியை உங்களுக்கே கொடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கடிதத்தைத் திறந்து, தற்செயலாகச் சேமித்துவிட்டால் அதன் தேதி இன்றைய தேதியாகிவிடும். அணுகல் பட்டியலைச் சேர்ப்பதால் அந்தத் தேதி மாறாது. அப்பா கடைசியாகச் சேமித்த நாள் அப்படியே நிற்கும்.

செய்திகள் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல், நிரலுக்கு ஒரு பிழை எண்ணை மட்டும்தான் திருப்பித் தருகிறது. அனுமதி மறுப்புக்கு அது 13. ஏன், யாரால் என்பதெல்லாம் அதில் இல்லை. ஆனால் உரிமையாளர் எண்ணைக் கோப்பு மேலாளர் ஏற்கெனவே படித்து, அதே சாளரத்தில் உங்களுக்குக் காட்டியும் இருக்கிறது. மேலே ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பது அதனால் முடியாத காரியம் அல்ல.


மணல்மேடு எழுதியது:

படங்கள் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆமாம், அது வேறு பூட்டு. மேலே பேசிய பிட்கள், எண்கள், அணுகல் பட்டியல் எதுவும் அதைத் திறக்காது.

நீங்கள் மென்பொருள் மையத்தில் எடுத்தது பெரும்பாலும் ஃபிளாட்பேக் வடிவில் இருக்கும். அந்த வகைச் செயலிகள் ஓர் அடைப்புக்குள் ஓடுகின்றன. பழைய யூனிக்ஸ் ஏற்பாட்டில், நீங்கள் இயக்கும் நிரலும் நீங்களும் ஒருவரே. உங்களால் படிக்க முடிந்த எதையும் அதுவும் படிக்கலாம். பாட்டுக் கேட்கும் செயலிக்கு உங்கள் கடிதங்களைப் படிக்கும் உரிமை எதற்கு என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இந்த அடைப்பு. அதாவது இங்கே மறுப்பு உங்களுக்கு அல்ல, செயலிக்கு. உங்கள் தட்டு பொருத்தப்பட்டிருக்கும் அடைவு அந்த அடைப்புக்குள் வைக்கப்படவே இல்லை. அதனால் செயலியின் கண்ணில் அது உண்மையாகவே இல்லை. “இல்லவே இல்லை” என்று வந்ததற்குக் காரணம் அதுதான். ஸ்னாப் வடிவமும் ஏறக்குறைய இப்படித்தான். அதில் வெளித் தட்டுகளுக்கான இணைப்பு இயல்பாக அணைந்திருக்கும்.

பாதையைக் கையால் கொடுக்காமல், செயலிக்குள் இருக்கும் “திற” பொத்தானை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்தச் சாளரம் பெரும்பாலான செயலிகளில் அடைப்புக்கு வெளியிலிருந்து வருவது. நீங்கள் கையால் தேர்ந்தெடுத்த கோப்பை மட்டும் உள்ளே அனுப்பும். ஒரு படத்தைத் திறக்க அது போதும். அடுத்தடுத்த படங்களுக்கு அம்புக்குறியால் போக வேண்டுமென்றால் அடைவு முழுவதற்கும் அனுமதி வேண்டும். ஃபிளாட்சீல் என்ற கருவியில் அந்தச் செயலியைத் தேர்ந்து, தட்டின் பாதையைச் சேருங்கள். பாதைக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் ஆர்ஓ என்ற இரண்டு எழுத்துகளும் போட்டால் படிக்க மட்டும் அனுமதி. உங்களுக்கு அதுதான் வேண்டும்.


கடிதப்பெட்டி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தட்டை நகலெடுக்க ஓர் இரவும் மறுநாள் பாதியும் ஆனது. படிக்க முடியாத இடம் ஒன்றே ஒன்று. அது எந்தக் கோப்பிலும் படவில்லை.

கணக்கை உருவாக்கினேன். 500 காலியாகத்தான் இருந்தது. நகலைப் பொருத்திவிட்டு, சுடோவோடு பட்டியலிட்டேன். ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது இடத்தில் அப்பாவின் பெயர். 1,214 கோப்புகள். திரை நிறைய அவர் பெயர் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அணுகல் பட்டியலைப் பெரிய எக்ஸோடு சேர்த்தேன். இப்போது பட்டியலில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி வருகிறது. அதுதான் நான் என்று எடுத்துக்கொண்டேன். கடிதம் ஒன்றைத் திறந்து, வேண்டுமென்றே சேமிக்க முயன்றேன். மறுத்துவிட்டது. அந்த மறுப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடிதங்கள் முதலில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. ஒரு நிமிடம் மனம் உடைந்துபோயிற்று. பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் அப்பா தஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்து எழுத்துருவில் தட்டச்சு செய்வார். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒரு நகலைக் கொடுத்ததும் முழுத் தமிழாக வந்தது. மணல்மேடு சொன்னபடி ஃபிளாட்சீலில் பாதையைச் சேர்த்த பிறகு படங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன.

கடைசியாக ஒரு கேள்வி. தம்பி ஒரு நகல் கேட்கிறான். அவனுடைய வெளித் தட்டு எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கிறது. ஒரு சிறு அடைவைச் சோதனைக்காக நகலெடுத்துப் பார்த்தேன். போய்ச் சேர்ந்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் நானாகிவிட்டேன். மீண்டும் அதே இடத்துக்கு வந்துவிட்டோமா?


இரவுக்காவல் எழுதியது:

எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் என்பதை எழுதிவைக்க இடமே கிடையாது அம்மா. யார் தட்டைப் பொருத்துகிறார்களோ அவர் பெயரை எல்லாக் கோப்புகளுக்கும் காட்டும். தம்பியின் தட்டை மாற்ற வேண்டாம். கடிதங்களின் அடைவு முழுவதையும் சுடோவோடு டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, அந்த ஒரு கோப்பை அவர் தட்டில் வையுங்கள். உரிமையாளர் எண், பெயர், அனுமதி, தேதி எல்லாம் கட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். அணுகல் பட்டியலும் வர வேண்டுமென்றால் அதற்குத் தனி விருப்பம் உண்டு. தம்பிக்கு அது தேவைப்படாது. அவர் பிரிக்கும்போது தன் லினக்ஸில் ரூட்டாகப் பிரித்தால் 500 அப்படியே வரும். பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பின்பற்று என்ற விருப்பத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், அப்பாவின் பயனர்பெயரில் அவர் கணினியில் வேறு எண்ணோடு ஒரு கணக்கு இருந்தால் அந்த எண்ணுக்கு மாறிவிடும்.


கடிதப்பெட்டி எழுதியது:

இருக்கிறது. தம்பி தன் கணினியில் வைத்திருக்கும் பயனர்பெயரே அப்பாவின் பெயர்தான், எண் 1000. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எல்லாம் அவனுடையதாகியிருக்கும். விருப்பத்தைச் சேர்த்துப் பிரித்தோம். அவன் கணினியிலும் இப்போது 500.

அனுப்பாத கடிதங்கள் நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்று படிப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.